தெப்பக்குளத்தை எழுதினால் படமாகும், தெரியுமா?

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை நேரில் பார்த்திருப்பீர்கள், படத்தில் பார்த்திருப்பீர்கள். வெறும் எழுத்தாகப் பார்த்திருக்கிறீர்களா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடத்தின் உள்ளே எட்டிப் பாருங்கள். அங்கே ஒரு கோடுகூட வரைந்திருக்காது! ஸ்டீவ் கோஸ்ட் என்ற இங்கிலாந்துக்காரர் 2004-ல் தொடங்கி, ஊர் உலகமே சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கும் பிரம்மாண்டமான எழுத்துக்கோப்பு அது. ஒரு புள்ளி, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை. அடுத்த புள்ளி. அதற்கடுத்த புள்ளி. இந்தப் புள்ளிகளை இந்த வரிசையில் சேர்த்தால் ஒரு கரை. கரைக்கு ஒரு சீட்டு: ‘நேச்சுரல்=வாட்டர்’. முடிந்தது, குளம் ரெடி!

அப்போ நடுவில் இருக்கும் மைய மண்டபம்? அதற்கும் வழி இருக்கிறது. வெளிக்கரை ‘அவுட்டர்’, உள்ளே இருக்கும் தீவின் விளிம்பு ‘இன்னர்’ என்று இரண்டையும் ஓர் உறவாகக் கட்டிவைக்க வேண்டும். ‘இன்னர்’ விளிம்பைச் சேர்க்க மறந்தால் மண்டபத்தைச் சுற்றியுள்ள தோட்டமெல்லாம் நீல நிறத்தில் மூழ்கிப்போகும்.

சரி, இந்த எழுத்து எப்படிப் படமாகிறது? சின்ன வயதில் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக வண்ணம் அடித்து வீடு வரைந்திருப்போமே, அதேதான். ராஸ்டர் படம் என்பது அந்த நோட்டுதான். ஒரு சதுரத் துண்டில் 256-க்கு 256 கட்டங்கள். இதற்கு ‘டைல்’ என்று பெயர். மேப்னிக் என்ற மென்பொருள் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, கரைக்கு உள்ளே விழுந்தால் நீலம், வெளியே விழுந்தால் வேறு நிறம் என்று நிரப்பிக்கொண்டே போகும். தெப்பக்குளத்தின் ஒரு பக்கம் சுமார் 300 மீட்டர். ஜூம் 17 என்ற நெருக்கத்தில் மதுரைப் பக்கம் ஒரு கட்டத்தின் அகலம் 1.18 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: குளம் ஏறக்குறைய ஒரு முழு டைல் அகலம்! ஜூம் 9-க்குப் பின்வாங்குங்கள். மீனாட்சியின் தெப்பம் மிதக்கும் அத்தனை தண்ணீரும் ஒரே ஒரு கட்டம்.

கட்டங்களுக்கு நடுவே சாய்வாக ஒரு தெருவை இழுப்பது இருக்கிறதே, அது லேசுப்பட்ட காரியமில்லை. கோடு கட்டத்தின் நடுவில் போகாது, ஓரத்தை உரசிக்கொண்டு போகும். எந்தக் கட்டத்துக்கு வண்ணம்? 1962-ல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஜாக் பிரெசன்ஹாம் இதற்கு ஒரு வழி சொன்னார். பெருக்கல் வகுத்தல் தலைவலியே இல்லை. முழு எண்களைக் கூட்டு, கழி, பூஜ்யத்துக்கு மேலா கீழா என்று பார், அடுத்த கட்டத்துக்குப் போ. அவ்வளவுதான்! இன்றைக்கும் கல்லூரியில் கணினி வரைகலைப் பாடத்தில் மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்த்துத் திணறுகிறார்கள். (நானும் திணறினேன்.)

கடல் சமாசாரம் இன்னும் சுவாரசியம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கோப்பில் கடலை யாரும் தனியாக வரைவதில்லை! கரையோரக் கோடு மட்டும்தான் உண்டு. கோடு போகும் திசையில் இடப்பக்கம் தரை, வலப்பக்கம் தண்ணீர் என்பது விதி. அதனால் ராமேஸ்வரம் தீவின் கரையை இடஞ்சுழியாகத்தான் சுற்றி வரவேண்டும், கோயிலில் பிரதட்சிணம் வருவதற்கு நேர் எதிர்த் திசையில். பழக்க தோஷத்தில் வலமாக வந்துவிட்டால் தீவு கடலாகவும் கடல் தரையாகவும் மாறிவிடும்!

திசை மாறுவதாவது பரவாயில்லை, எண் இடம் மாறினால்? சென்னை 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. நாம் பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்கிறோம். ஜியோஜேசன் என்ற கோப்பு வகையோ தீர்க்கரேகையைத்தான் முதலில் கேட்கும். இது தெரியாமல் ஒருநாள் சென்னையின் பேருந்து நிறுத்தங்களை வரைந்துவிட்டு, படத்தில் ஒன்றையும் காணோமே என்று முக்கால் மணி நேரம் தேடினேன். கடைசியில் எல்லா நிறுத்தங்களும் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பனிக்கரடிதான் பஸ் ஏற வேண்டும்!

உலகம் முழுவதற்கும் எத்தனை டைல் தேவை தெரியுமா? ஜூம் 0-வில் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு ஜூமுக்கும் நான்கு மடங்கு. ஜூம் 19-ல் 27,487 கோடியைத் தாண்டுகிறது! இத்தனையையும் முன்கூட்டியே வரைந்து வைப்பது நடக்கிற கதையா? நடுக்கடலை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? யாராவது கேட்டால் அந்த நிமிடம் வரைந்து கொடுப்பார்கள், தோசைக்கடை மாதிரி. அதுவும் ஒற்றை டைலாகச் சுடுவதில்லை. எட்டுக்கு எட்டு, 64 டைல்களை ஒரே கல்லில் பெரிய தோசையாக ஊற்றி, பிறகு துண்டு போடுகிறார்கள். இல்லாவிட்டால் ஊர்ப் பெயர்கள் விளிம்புக்கு விளிம்பு அறுபட்டு நிற்கும்.

பெயர் என்றதும் நம் எழுத்தின் கூத்தைச் சொல்லியாக வேண்டும். ‘கோவை’ என்பதில் முதல் எழுத்தைப் பாருங்கள். கோப்பில் முதலில் க, அடுத்து ஓகாரக் குறி. படத்தில்? கொம்பு க-வுக்கு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். ஒரே குறி இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் உட்கார வேண்டும்! இந்த வேலையைச் செய்யும் மென்பொருளின் பெயர் ஹார்ஃப்பஸ். ‘ஓப்பன்டைப்’ என்ற எழுத்துரு வடிவத்தின் பெயரை அப்படியே பாரசீகத்தில் பெயர்த்து வைத்தது அது. கோயம்புத்தூருக்குக் கொம்பு போடுவது பாரசீகப் பெயர்க்காரர்!

கணினிகளுக்குத் திரை அரிதாக இருந்த காலத்திலும் எழுத்து படமானது என்றால் நம்புவீர்களா? 1960-களில் அமெரிக்காவில் ஹோவர்டு ஃபிஷர் உருவாக்கிய சைமாப் என்ற மென்பொருள், வரைபடத்தை சாதாரண லைன் பிரின்டரில் அடித்தது. வெளிர்நிறத்துக்கு ஒரு புள்ளி. கருமை வேண்டுமா, ஒரே இடத்தில் பல எழுத்துகளை மேலே மேலே அடி! எழுத்தாகப் போன தகவல் எழுத்தாலேயே படமாகி வந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் தாத்தா அலெக்சாந்திரியாவில் இருந்தார். கி.பி. 150 வாக்கில் டாலமி என்ற அறிஞர் சுமார் 8,000 இடங்களின் பெயர்களையும், அட்சரேகை, தீர்க்கரேகைகளையும் பட்டியலாக எழுதிவைத்தார். நம் கொற்கை அதில் உண்டு, காவிரி உண்டு, பாண்டியன் தலைநகராக மதுரையும் உண்டு! பிற்பாடு அந்த நூல் கண்ணில் படாமல் போய், 1295 வாக்கில் மாக்சிமஸ் பிளானூடிஸ் என்ற பைசாந்தியத் துறவி கையில் சிக்கியபோது அதில் வரைபடமே இல்லை, எண்கள்தான். அவர் அசரவில்லை. எண்களை வைத்தே வரைபடங்களை மீட்டு வரையவைத்தார். அந்த எழுத்துக்கும் இந்தப் படத்துக்கும் நடுவே 1,100 ஆண்டுக்கு மேல். நம் போனில் டைல் வர இரண்டு விநாடி தாமதித்தால் என்ன பாடுபடுத்துகிறோம்!

டாலமி எண்களைப் பன்னிரண்டில் ஒரு பாகை வரைதான் நறுக்கினார். அது தரையில் சுமார் 9 கிலோமீட்டர். அந்த அளவில் மதுரையின் பெரும்பகுதி ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். இன்றைய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கோப்பில் ஏழு தசம இடங்கள், தரையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். தெப்பக்குளத்தின் படிக்கட்டுகளை ஒவ்வொன்றாக எழுதலாம்.