வழுக்கும் கிருமி

ஒரு குட்டி வாசகி கேட்டிருக்கிறாள்: “கிருமியைத் தின்ன வெள்ளையணு இருக்கும்போது நமக்கு ஏன் மாமா நோய் வருகிறது?” சபாஷ்! கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

நியூமோகாக்கஸ் என்று ஒரு பாக்டீரியா. பல குழந்தைகளின் மூக்குக்குள் சத்தமில்லாமல் குடியிருக்கும். நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் நிமோனியா.

இது தன்னைச் சுற்றி ஓர் உறை போட்டுக்கொள்கிறது. எதனால் தெரியுமா? சர்க்கரையால்! காபியில் போடுகிற சர்க்கரை இல்லை. சர்க்கரை மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த வழவழப்பான உறை. திருவிழாவில் வழுக்குமரம் ஏறுகிறவரைப் பார்த்திருப்பீர்களே? கட்டிப் பிடிப்பார்; எண்ணெய் சறுக்கிவிடும். வெள்ளையணுவின் பாடும் அதேதான். புரிகிறதா?

1928இல் பிரெடரிக் கிரிஃபித் என்ற ஆங்கிலேயர் இந்தக் கிருமியைச் சுண்டெலிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். உறையுள்ள கிருமி ஏறிய எலி செத்தது. உறையில்லாதது ஏறிய எலி பிழைத்தது. அப்புறம்தான் வேடிக்கை. சூடாக்கிக் கொன்ற உறைக்கிருமியையும், உயிருள்ள உறையில்லாக் கிருமியையும் கலந்து ஏற்றினார். தனித்தனியே இரண்டும் எலியை ஒன்றும் செய்யாது. ஆனால் இப்போது எலி செத்தது! செத்த கிருமியிடமிருந்து உறை செய்யும் வித்தை உயிருள்ளதற்குப் போய்விட்டது. அந்த வித்தை டி.என்.ஏ.வில் இருக்கிறது என்று 1944இல் ஏவரி என்ற விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை. எலிகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

சரி, இந்தக் கிருமிக்கு எதிரான தடுப்பூசிக்கு வருவோம். அந்த உறையையே கொஞ்சம் எடுத்து ஊசியாகப் போட்டால், பெரியவர்கள் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் செய்யும். எதிர்ப்பொருள் உறையில் ஒட்டிக்கொண்டால் வெள்ளையணுவுக்குப் பிடி கிடைத்துவிடும். ஆனால் இரண்டு வயது நிரம்பாத பாப்பாவின் உடம்பு வெறும் சர்க்கரையை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. புரதத்தைக் காட்டினால் விழித்துக்கொள்ளும். அதனால் விஞ்ஞானிகள் சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்தே கொடுத்துவிட்டார்கள்! இந்தியாவில் பாப்பாக்களுக்கு 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம் என்று அரசு இந்த ஊசியைப் போடுகிறது.

ஒரு சிக்கல் பாக்கி. இந்த உறையில் சுமார் 100 வகை உண்டு. 2000இல் அமெரிக்காவில் வந்த ஊசி 7 வகைகளைத்தான் தடுத்தது. மற்ற வகைகள் மெல்ல அந்த இடத்தைப் பிடித்தன. பிறகு 13, 20 என்று ஊசியில் வகைகள் கூடின. இப்படியே எவ்வளவு தூரம் துரத்துவது? சில ஆராய்ச்சியாளர்கள் உறையை விட்டுவிட்டார்கள். எல்லா வகைக் கிருமிக்கும் பொதுவான புரதங்களைக் குறிவைக்கிறார்கள். அந்த ஊசிகள் இன்னும் சோதனையில் இருக்கின்றன.