சத்தம் நின்ற பிறகும்

“சத்தம் நின்டா காது சரியாகிரும்தானே” என்கிறோம். உள்ளே நடப்பதோ வேறு. உட்காதின் நத்தைச்சுருளில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள்தான் இருக்கின்றன. பேரொலி இவற்றை மிதமிஞ்சி வேலை வாங்கும்போது, சக்தி தரும் இழைமணிகளே தீங்கான ஒட்சிசன் மூலக்கூறுகளை அளவுக்கு மீறி உண்டாக்குகின்றன. கலத்தின் பாதுகாப்பு ஏற்பாடு தாக்குப்பிடிக்காவிட்டால், கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சத்தம் ஓய்ந்து நாட்கணக்காகியும் இவ்வழிவு தொடரும். புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின், நுண்ணுயிர்க்கொல்லியான ஜென்டாமைசின் என்பனவும் இதே நெருக்கடியைக் கொடுக்கக்கூடும்.

கோழிக்கு இக்கலங்கள் திரும்ப முளைக்கும், மனிதனுக்கு முளைக்காது. ஆகவே, பிள்ளை “காது இரையுது” என்றால் சும்மா விட்டுவிட வேண்டாம். ஹெட்போனைக் கழற்றி வையுங்கள். காதுக்கு ஓய்வு கொடுங்கள். இரைச்சல் அடங்காவிட்டால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.