சாலையை வெட்டாமல் குழாய்: வெளிவந்த மண்ணுக்குக் கணக்கு எங்கே?

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது சாலை வெட்டுகளுக்குத் தடை விதிப்பது சென்னை மாநகராட்சியின் வழக்கம். அந்தக் கெடுவுக்குள் வேலையை முடித்துவிட வேண்டுமென்ற அவசரம் தெருக்களில் தென்படும் இவ்வேளையில், ‘மைக்ரோ டன்னலிங்’ முறையில் சாலையை வெட்டாமலே பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கப்படும் என்று அறிவித்துவிட்டுத் தெருமுனையில் அத்தனை ஆழத்துக்குக் குழி தோண்டுவானேன் என்று வாசகர்கள் பலர் எழுதிக் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. யந்திரம் இறங்க ஒரு குழியும் அது கரையேற மற்றொரு குழியும் இன்றி இம்முறை இல்லை. வெட்டுக்குத் தப்புவது அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சாலை மட்டுமே.

உறைகிணற்றில் அடிமண்ணைப் பறிக்கப் பறிக்க மேலிருக்கும் உறைகள் இறங்குவதை அறிந்தவர்களுக்கு, அதையே படுக்கைவாட்டில் செய்வதுதான் இது என்றால் போதும். முன்னே யந்திரம் மண்ணைக் குடைய, குழியிலுள்ள ஹைட்ராலிக் ஜாக்கிகள் அதன் பின்னே குழாய்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகின்றன. லேசர் ஒளிப்புள்ளியைத் திரையில் பார்த்தபடி, தரைக்கு மேலே அறையில் அமர்ந்த ஒருவர் திசையைத் திருத்துகிறார். 1970களில் ஜப்பானில் உருப்பெற்ற இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் ஜாக்கியிலும் இல்லை, லேசரிலும் இல்லை. யந்திரத்தின் முகத்தில் நிரம்பியிருக்கும் சேற்றுக் குழம்பில் இருக்கிறது.

கடலோர மணலில், நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே ஒரு துவாரம் திறந்தால், மணலும் நீரும் கலந்து உள்ளே பாய்ந்துவிடும். அவ்வாறு பாயாதபடி, பெண்டோனைட் களிமண்ணைக் கரைத்த குழம்பை அழுத்தத்துடன் வெட்டுமுகத்தில் நிறுத்தி, எதிரேயுள்ள மண்ணின் பாரத்தையும் நீரின் அழுத்தத்தையும் சமன் செய்கிறார்கள். அழுத்தம் குறைந்தால் மேல்மண் சரிந்து உள்ளே வரும். மிகுந்தால் குழம்பே சாலையைப் பிளந்துகொண்டு மேலே வரும். அதே குழம்புதான் வெட்டிய மண்ணையும் சுமந்து மேலேறி, சல்லடைகளில் அதை உதறிவிட்டு மீண்டும் கீழிறங்குகிறது. போகிற குழம்பு, வருகிற குழம்பு இரண்டின் ஓட்டத்தையும் அடர்த்தியையும் அளந்தால், எவ்வளவு மண் வெளியேறியது என்பதும் தெரிந்துவிடும்.

எனக்குக் கவலை அளிப்பது இந்தக் கணக்குத்தான். யந்திரம் முன்னேறிய தூரத்துக்கு உரிய அளவை விட அதிக மண் வெளிவந்திருந்தால், மிச்சம் சாலைக்கு அடியில் வெற்றிடமாக நிற்கிறது என்பதே பொருள். போதாக்குறைக்கு, உராய்வு குறைவதற்காகக் குழாயை விடச் சற்றுப் பெரிதாகவே துளையிடுகிறார்கள்: 1,200 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயைச் சுற்றி 20 மி.மீ. இடைவெளி விட்டால், 100 மீட்டர் தூரத்தில் அது ஏழரைக் கன மீட்டருக்கு மேலாகிறது. வேலை நடக்கையில் பெண்டோனைட் நிரப்பும் அந்த இடைவெளியில், முடிந்தபின் சிமெண்ட் கரைசலைச் செலுத்த வேண்டும். ‘பொதுமக்களுக்குப் பாதிப்பில்லை’ என்று அதிகாரிகள் கூறுவது அன்றைய தினம் கண்ணுக்குப் புலப்பட்ட பாதிப்பைப் பற்றியதே. தார்ப்பரப்பு அடிமண் இழந்தும் சில காலம் தாங்கி நின்று, பின்னொரு மழையிலோ பேருந்தின் பாரத்திலோ உள்வாங்குவது அந்த வாக்கியத்தில் அடங்காது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

குழிகளை இன்னும் தள்ளித் தள்ளித் தோண்டக் கூடாதா? தூரம் கூடக் கூட உராய்வும் கூடும். நடுவில் துணை ஜாக்கிகள் வைத்தால் ஓரளவு இயலும்.

பாறை குறுக்கிட்டால்? அதற்கேற்ற வெட்டுமுகம் இல்லையேல் யந்திரம் சிக்கிக்கொள்ளும். அதை மீட்க மேலிருந்து தோண்ட நேரலாம்.

செலவு? ஆழமற்ற, நெரிசலற்ற தெருவில் வெட்டிப் பதிப்பதே மலிவு.

வீட்டு இணைப்பு? அதற்குத் தனியே வெட்டுவார்கள்.

மண் கணக்கும், சிமெண்ட் கரைசல் செலுத்திய பதிவும் ஒப்பந்ததாரரின் கோப்பிலேயே உறங்குமானால், சாலை பத்திரமாக இருக்கிறது என்பது வெறும் அபிப்பிராயமே. ஆகையால், குழியை எப்போது மூடுவீர்கள் என்று கேட்கும் வாசகர்கள், அந்த இரண்டு பதிவுகளையும் காட்டுங்கள் என்று சேர்த்தே கேட்க வேண்டும்.