மண்பாதையில் இறங்கும் மின்சார பைக்

2019 செப்டம்பரில், அர்ஜென்டினாவின் தென்கோடியில் இருக்கும் உஷுவாயா நகரத்திலிருந்து இரண்டு மின்சார பைக்குகள் வடக்கு நோக்கிக் கிளம்பின. ஓட்டியவர்கள் நடிகர் ஈவன் மெக்ரெகரும் அவருடைய நண்பர் சார்லி பூர்மனும். போய்ச்சேர வேண்டிய ஊர் லாஸ் ஏஞ்சல்ஸ். இடையில் கிடந்தது சுமார் 21,000 கிலோமீட்டர். இந்தப் பயணம் 2020இல் ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் 'லாங் வே அப்' என்ற தொடராக வெளிவந்தது. அவர்கள் ஏறிய வண்டி ஹார்லி டேவிட்சனின் லைவ்வயர். நகரத் தெருவையும் வழுவழுப்பான தார்ச்சாலையையும் மனத்தில் வைத்துச் செய்த பைக் அது. படகோனியாவின் ஜல்லிச் சாலையும் பொலிவியாவின் மண்தடமும் அதன் கணக்கிலேயே இல்லை.

அதனால் புறப்படும் முன்பே வண்டியை மாற்றினார்கள். அலாய் வீல் போய் ஸ்போக்ஸ் சக்கரம் வந்தது. கூடுதலாக அமுங்கி எழும் சஸ்பென்ஷன் வந்தது. ஹார்லி அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த 'பான் அமெரிக்கா' என்ற பெட்ரோல் பைக்கின் பாகங்கள் இதற்குக் கைகொடுத்தன. 105 குதிரைத்திறன் உள்ள வண்டிக்கு இன்னும் பலம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டதெல்லாம் அந்தப் பலத்தைத் தரையில் தாங்கி நிற்கும் கால்கள்.

சக்கரத்திலிருந்தே தொடங்கலாம். அலாய் வீல் விறைப்பானது. வேகத்தில் பாறை விளிம்பில் மோதினால் விரிசல் விடலாம். ஸ்போக்ஸ் சக்கரம் சற்றே வளைந்துகொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். விட்டமும் முக்கியம்: பெரிய முன்சக்கரம் கல்லின் மேல் ஏறி உருளும், சிறியது முட்டி நிற்கும். அதற்கு மேல் பட்டன் டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்தால் மண்ணில் பிடிப்பு கூடும்.

ஒரே பைக் இரண்டு வேடம் போட்டால் என்னவாகும் என்பதை கலிபோர்னியாவில் தோன்றிய ஜீரோ நிறுவனம் தானே செய்து காட்டியிருக்கிறது. அது விற்ற எஃப்எக்ஸ்எஸ் சாலை வண்டி. எஃப்எக்ஸ் மண்பாதைக்கும் ஏற்றது. மோட்டாரும் 7.2 கிலோவாட்-மணி பேட்டரியும் இரண்டிலும் ஒன்றே. சாலை வண்டிக்கு முன்னும் பின்னும் 17 அங்குலச் சக்கரங்கள். மற்றதற்கு முன்னால் 21, பின்னால் 18. சாலை வண்டியின் முன் ஃபோர்க் 178 மில்லிமீட்டர் அமுங்கும். மண்பாதை வண்டியில் அது ஏறக்குறைய 218. சாலை வண்டியை வாங்கிவிட்டு மலைத்தடத்துக்கு ஆசைப்படுகிறவர் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கப்படம் கிடைக்காது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சக்கர அளவு மாறினால் வண்டியின் சாய்வு மாறும், மட்கார்டு இடிக்கலாம், ஏபிஎஸ் கணக்கும் பிசகலாம்.

ஆனால் உண்மையான சவால் வலது மணிக்கட்டில் இருக்கிறது. பெட்ரோல் பைக்கில் எஞ்சின் சுழற்சி ஏற ஏறத்தான் இழுவை கூடும். மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவையையும் கொடுத்துவிடும். தார்ச்சாலையில் அது சுகம்; சரளைக்கல்லில் பின்சக்கரம் அங்கேயே சுற்றிக் குழி பறிக்கும். பெட்ரோல் வண்டியில் பழகியவர்கள் இந்த இடத்தில் கிளட்சைப் பாதி பிடித்துச் சமாளிப்பார்கள். இந்த வண்டிகளில் கிளட்சே கிடையாது. ஆக்ஸிலரேட்டரை மயிரிழை அளவில் திருகப் பழக வேண்டும், அல்லது மென்பொருளின் உதவியை நாட வேண்டும். லைவ்வயரில் மோட்டார் சக்தி, ஆக்ஸிலரேட்டர் திருகலுக்கு மோட்டார் பதில் தரும் வேகம், பிரேக் பிடிக்காமலே வண்டியை இழுத்துப் பிடிக்கும் மறுமின்னாக்கம் ஆகியவற்றைத் தனித்தனியே அமைத்துக்கொள்ளலாம். இறக்கத்தில் மறுமின்னாக்கம் பலமாக இருந்தால் உதிரி மண்ணில் பின்சக்கரம் வழுக்கும். மண்பாதையில் இறங்குமுன் அதைக் குறைத்துக்கொள்வது நல்லது. மறுபக்கம், ஏற்றத்தில் எஞ்சின் 'ஆஃப்' ஆகிவிடுமோ என்ற பயமே இல்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு இது பெரிய வரம்.

பெல்ட்டையும் கவனிக்க வேண்டும். பல மின்சார பைக்குகளில் பின்சக்கரத்தைச் சுழற்றுவது பல் வைத்த பெல்ட். சத்தமில்லாதது, எண்ணெய் கேட்காதது. ஆனால் ஒரு சின்னக் கல் பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே சிக்கினால் அறுந்துபோகலாம். கற்கள் நிறைந்த தடங்களில் ஓட்டுகிறவர்கள் பலர் செயினுக்கு மாறுவது இதனால்தான். அடிப்பகுதிக்கு ஓர் அலுமினியத் தகடும் அவசியம். லைவ்வயரில் மோட்டார் தொங்குவது கீழேதான்.

எதை மாற்றினாலும் எடை மட்டும் மாறாது. லைவ்வயர் 249 கிலோ. அதில் கணிசமான பங்கு பேட்டரிக்கு. அகலமான ஜல்லிச் சாலையில் அது ஓடும், ஓடியும் காட்டியது. ஒற்றையடிப் பாதையில் விழுந்தால் தனியாளாகத் தூக்கி நிறுத்துவது கடினம். ஜீரோ எஃப்எக்ஸோ சுமார் 131 கிலோதான். மாற்றத்துக்குப் பணம் ஒதுக்குமுன், கையில் இருக்கும் வண்டியின் எடையைப் பார்த்தே எந்தப் பாதை என்று முடிவு செய்ய வேண்டும்.

உயரத்தில் மின்சாரத்துக்குத் தனிச் சாதகம் உண்டு. பொலிவியாவின் உயுனி உப்புவெளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீட்டர் உயரம். அங்கே மெலிந்த காற்றில் பெட்ரோல் எஞ்சின் பலம் இழக்கும். மின்மோட்டாருக்குக் காற்றே வேண்டாம். குளிர்தான் எதிரி, பேட்டரி தரும் தூரத்தை அது சுருக்கிவிடும். சார்ஜ் செய்வது இன்னொரு சிக்கல்: மெக்ரெகரின் பயணத்துக்காக ரிவியன் நிறுவனம் வழிநெடுகச் சார்ஜ் நிலையங்களை அமைத்துக்கொடுத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு 2023இல் மிலான் கண்காட்சியில் மின்சார ஹிமாலயனின் சோதனை வடிவத்தைக் காட்டியது. மலைப் பயணத்துக்கு வரும் எந்த மின்சார வண்டியும் எங்கே சார்ஜ் செய்வது என்ற இதே கேள்வியைச் சந்தித்தாக வேண்டும்.

வேகத்தைக் குறைத்தால் சார்ஜ் பற்றிய பாதிக் கவலை தீரும். ஜீரோ எஃப்எக்ஸ் மணிக்கு 113 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடினால் 63 கிலோமீட்டர்தான் போகும். நகர வேகத்தில் 146 வரை போகும் என்றது நிறுவனம். மண்பாதையில் வேகம் குறைவுதான், ஆனால் மணலும் செங்குத்தான ஏற்றமும் மின்சாரத்தை விழுங்கும். வழியில் தீர்ந்தால் பாட்டிலில் வாங்கி ஊற்ற முடியாது. ஆகவே முதல் சில நாட்கள் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே திரும்பிவிட்டு, அந்தப் பாதை எவ்வளவு குடிக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, பிறகு தூரத்தைக் கூட்டலாம்.