தோலோடு நீளும் உணரி

தோல் ஓயாது அசையும் பரப்பு. மூட்டுகளை மடக்கும்போது அது ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீளும். மின்னணுக் கருவிகளின் சிலிக்கனோ ஒரு விழுக்காடு இழுத்தாலே விண்டுபோகும். இவ்விரண்டையும் இணைக்கும் வழியை வடிவியல் காட்டியது. 2011-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஜர்சு குழுவினர், நுண்ணிய கம்பிகளைப் பாம்புபோல் வளைத்து மென்மையான பலபடிப் படலத்தின்மேல் பதித்தனர். தோல் நீளுங்கால் வளைவுகள் விரிந்துகொடுக்கின்றன. கம்பியின் உலோகம் பெரிதும் நீள்வதில்லை.

ஆயினும் நீளச் செய்தல் எளிய பாதியே. குத்தாமல் பெறத்தக்க உடல்நீர்களுள் வியர்வை முதன்மையானது. அதை நம்பத்தகுந்தவாறு அளப்பதே அரிது. 2016-இல் பெர்க்லியில் வெய் காவோ, அலி ஜாவே முதலியோர் படைத்த வளையும் பட்டை குளுக்கோசு, லாக்டேட்டு, சோடியம், பொட்டாசியம் ஆகிய நான்கையும் ஒருசேர அளந்தது. உடன் ஒரு வெப்ப உணரியும் இருந்தது. வெப்பம் மிகுந்தால் குளுக்கோசை அளக்க உதவும் நொதி விரைந்து வினைபுரியும். சர்க்கரை ஏறாதபோதும் ஏறியதாகக் கருவி காட்டிவிடும். அப்பிழையைக் கழிப்பதே வெப்ப உணரியின் பணி.

அவ்வாண்டே ராஜர்சு குழுவினர் வெளியிட்ட மென்பட்டையில் வேதிப்பொருள்களை அளக்க மின்கலமே வேண்டியதில்லை. சுரப்பியின் அழுத்தமே வியர்வையை மயிரிழைக் கால்வாய்களுள் செலுத்துகிறது. அங்குள்ள வினைப்பொருள்கள் நிறம் மாறுகின்றன. கைபேசிப் படம் அந்நிறத்தை அளவாக்குகிறது. அரிசோனாவின் வறண்ட வெளியில், டூசான் மிதிவண்டிப் பந்தயத்தில் ஓட்டுநர் கைகளில் இதை ஒட்டி ஆய்ந்தனர்.

ஊசியில்லாச் சர்க்கரை அளவீடு என்னும் விளம்பரத்தை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். குருதியிலுள்ளதில் நூற்றில் ஒரு பங்களவே குளுக்கோசு வியர்வையில் உண்டு. தோலின் அழுக்கே அதைக் குலைத்துவிடும். உப்பிலுள்ள குளோரைடின் நிலை வேறு. 1948-இல் நியூயார்க்கின் கடுங்கோடையில், நுரையீரலில் கெட்டிச்சளி கட்டும் மரபுநோயுடைய குழந்தைகள் பலர் துவண்டு மருத்துவமனை சேர்ந்தனர். அவர்தம் வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை 1953-இல் மருத்துவர் டி சாந்தாக்னீசே நிறுவினார். இன்றும் லிட்டருக்கு 60 மில்லிமோல் குளோரைடு என்பதே அந்நோயைக் காட்டும் எல்லை.

இந்த வியர்வைச் சோதனையில் இடர்ப்பாடு கைக்குழந்தையிடந்தான். கெட்டியான சேகரிப்பியை அச்சிறு கையில் இறுகக் கட்டினாலும் விளிம்பில் வியர்வை கசியும். அளவு போதாமல் சோதனையை மீண்டும் செய்ய நேரும். 2021-இல் ராஜர்சு குழுவினர் வெளியிட்ட மென்பட்டை தோலோடு படிந்து அக்கசிவைத் தடுத்தது. வியர்வையைத் தூண்ட மருந்தும் சிறு மின்னோட்டமும் மட்டும் முன்போலவே வேண்டியிருக்கின்றன.