கிரேக்கக் கேடயத்தை எப்படிப் பிடித்தார்கள்?

பழைய கிரேக்கக் காலாட்படை வீரனின் வட்டக் கேடயம், ஆஸ்பிஸ். குறுக்களவு 80 முதல் 100 செ.மீ., எடை சுமார் 6 முதல் 8 கிலோ. நடுவில் ஒரே ஒரு பிடி வைத்து இதைத் தூக்கினால் மணிக்கட்டு எவ்வளவு நேரம் தாங்கும்? யோசிச்சுப் பாருங்க.

அதனால் பிடியை இரண்டாகப் பிரித்தார்கள். மையத்தில், முழங்கை வரை கையை நுழைக்க ஒரு வெண்கலப் பட்டை: போர்பாக்ஸ். விளிம்போரம், விரல்கள் பற்ற ஒரு கயிறு அல்லது தோல்வார்: ஆன்டிலபே. எடையை முன்கை சுமக்கும்; கேடயம் சுழலாமல் விரல்கள் பார்த்துக்கொள்ளும். உள்பக்கம் குழிவாக இருப்பதால் மேல் விளிம்பைத் தோளில் சாய்த்துக்கொள்ளவும் முடியும்.

இதைத் திரும்பச் செய்து பார்ப்பதில்தான் சிக்கல். பெரும்பாலும் மரமும் தோலும் மக்கிப்போச்சு. ஒலிம்பியாவில் வெண்கலப் பட்டைகள் நிறையக் கிடைத்தன. வத்திக்கானில் உள்ள எட்ருஸ்கக் கேடயம் ஒன்றில் மரமும் உட்புறத் தோலும் மிஞ்சியிருக்கின்றன. மற்றதற்கு ஜாடி ஓவியங்களும் நூல்களும்தான் துணை.

முதலில் அளவு. முழங்கை மையத்தில், கைமுட்டி விளிம்பில் என்றால், கேடயத்தின் ஆரம் கிட்டத்தட்ட முன்கையின் நீளம். அதாவது ஆளுக்கேற்ற கேடயம். அப்போ இடது பாதி முழங்கையைத் தாண்டி வெளியே நிற்கும். பக்கத்து ஆளுக்கு அது மறைப்பு. அந்த மறைப்பைத் தேடி ஒவ்வொருவரும் ஒண்டுவதால் படையே வலப்பக்கம் நகரும் என்கிறார் துசிடிடிஸ்.

அடுத்தது இறுக்கம். கி.மு. 425இல் பைலோஸில் பிராசிடாஸ் காயம்பட்டு மயங்கியபோது, கேடயம் கையிலிருந்து நழுவிக் கடலில் விழுந்தது. கவிஞர் ஆர்க்கிலோகஸ் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடியதைத் தானே பாடியிருக்கிறார். ஆக, கையை வாரால் கட்டிவிடவில்லை. முன்கையின் பருத்த பகுதியைக் கவ்வும் அளவுக்கு இறுக்கம், கை தளர்ந்தால் கழன்றுவிடும் அளவுக்கு இடைவெளி. வெறும் வெண்கலத் தகடு தோலை அறுக்கும் என்பதால், உள்ளே தோல் உறை வைப்பதுதான் பொருத்தம்.

கடைசியாக ஒரு புதிர். ஹெலட் அடிமைகளுக்குப் பயந்து ஸ்பார்ட்டாக்காரர்கள் வீட்டில் போர்பாக்ஸைக் கழற்றி வைத்தார்கள் என்கிறார் கிரிடியாஸ். பைலோஸில் பிடித்த கேடயங்களைப் போர்பாக்ஸோடு மாட்டி வைத்ததை அரிஸ்டோபனிஸ் நாடகத்தில் குத்திக்காட்டுகிறார். அது இல்லாவிட்டால் கேடயம் வெறும் பலகை!

அப்படியென்றால் எல்லாப் பட்டைகளையும் நிரந்தரமாக ஆணியடித்துவிட முடியாது; சிலவாவது கழற்றி மாட்டும்படி இருந்திருக்க வேண்டும். இன்று மாதிரி செய்பவர் சட்டென்று ஆணியடித்து முடித்தால், பார்க்கக் கேடயம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பார்ட்டாக்காரரின் அந்தப் பயத்துக்கு அதில் இடமில்லாமல் போய்விடும்.