மலைவண்டியின் மூச்சுக்குழாய்

கண்டியிலிருந்து வத்துகாமம் வழியாகப் பன்வில சென்று, அங்கிருந்து மடுல்கலைப் பக்கம் ஏறும் பாதையிலே காலை வேளையில் நிற்பவர்கள் ஓர் ஒலியைத் தவறாது கேட்பார்கள். வளைவுக்கு வளைவு கியரை இறக்கி, கரும்புகையைக் கக்கிக்கொண்டு, பாரத்தோடு ஏறிவரும் பிக்கப் வண்டியின் ஒலி அது. மரக்கறி மூடைகளும் உரமும் மட்டுமா அதிலே பிரயாணம் செய்கின்றன? லயத்திலே நோயுற்றுக் கிடந்த பாட்டியும், பரீட்சைக்குப் புறப்பட்ட மாணவனும், சில வேளைகளில் பிரசவ வேதனையுற்ற பெண்ணும் அதே வண்டியில்தான் நகரத்துக்கு இறங்குகின்றனர். ஆதலால் அவ்வண்டியின் யந்திரத்தைப் பற்றிய பேச்சை வாகனப் பித்தர்களின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுதல் இயலாது.

2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி தடைப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டியே தங்கமாயிற்று. முப்பது வயதைக் கடந்த டொயோட்டா ஹைலக்ஸ்களை இன்றும் பேணிக் காப்போர் பலர். அத்தகையோரிடம் கராஜ்காரர் சொல்லும் யோசனைகளுள் ஒன்று, “ஹெடர் போடுங்கள், இழுவை கூடும்” என்பது. சொல்வது எளிது. எந்த ஹெடர், எந்த வண்டிக்கு என்பதே கேள்வி.

யந்திரத்தின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளிப்படும் சூடான வாயுவை முதலில் ஏற்பது மெனிபோல்ட் என்னும் வார்ப்பிரும்புப் பாகம். அது குட்டையானது, கனமானது. அதன் உட்புறம் கரடுமுரடானது. நான்கு வாசல்களும் ஒரே சிறிய அறையிற் சென்று முட்டுவதால், ஒரு சிலிண்டரின் வாயு மற்றொன்றின் வழியை மறிக்கும். இதற்கு மாற்றாக, வாசலுக்கொரு தனிக்குழாயாக வளைத்துக் கொண்டுபோய், சற்றுத் தூரத்தில் ஒன்றுசேர்த்து அமைப்பதே ஹெடர். அவுஸ்திரேலியர் இதனை எக்ஸ்ட்ராக்டர், அதாவது ‘உறிஞ்சி எடுப்பது’ என்பர். பொருளுக்குப் பொருந்திய பெயர்! ஒரு குழாயின் வழியே வாயு விரைந்து செல்லும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைந்து, சிலிண்டரில் எஞ்சிய புகையும் இழுபட்டு வெளியேறுகிறது.

பௌதிகம் பயிலும் மாணவர்களுக்கு இங்கே ஒரு சிறு கணக்கு. சூடான புகைவாயுவில் அழுத்த அலை ஏறத்தாழ வினாடிக்கு 500 மீட்டர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். 75 சென்ரிமீட்டர் நீளமான குழாயின் முனைவரை சென்று திரும்ப அதற்கு 3 மில்லிவினாடி வேண்டும். நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும் யந்திரத்தின் தண்டு அந்நேரத்தில் 72 பாகை சுழன்றுவிடும். 2,000 சுற்றில் 36 பாகைதான் சுழலும். ஆகவே யந்திரம் மெதுவாக ஓடுகையில் திரும்பும் அலை வேளைக்கு முன்னரே வந்துவிடுகிறது. அதனைத் தாமதப்படுத்த வேண்டுமானால் குழாய் நீளமாக வேண்டும். பந்தயக் காருக்கும் மலைவண்டிக்கும் ஒரே ஹெடர் பொருந்தாமைக்கு மூலகாரணம் இதுவே.

நமது மலையில் எவரும் 5,000 சுற்றில் ஓட்டுவதில்லை. 1,500 முதல் 3,000 வரையான சுற்றுகளிலேதான் ஏற்றமும் பாரமும் சேற்றுப் பாதையும் கழிகின்றன. அதற்கு ஏற்றது நான்கு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் அமைப்பு. எரியும் ஒழுங்கு 1-3-4-2 ஆகவுள்ள யந்திரத்தில் 1உம் 4உம் ஒரு சோடி, 2உம் 3உம் மற்றொரு சோடி; சோடிக்குள் ஒன்றையொன்று மறிக்காது. நான்கும் ஒரே இடத்திற் கூடும் அமைப்பு உயர்ந்த சுற்றுக்கே சிறப்பு. குழாயின் விட்டத்திலும் பெரியதே நல்லது என்று எண்ணலாகாது. 2.4 முதல் 2.8 லீட்டர் வரையான யந்திரத்துக்கு ஒன்றரை அங்குலம், மிஞ்சினால் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குக் குறைவான குழாய் போதும். அதற்கு மேற்போனால் வாயுவின் வேகம் தளர்ந்து, ஏற்றத்திலே இருந்த இழுவையும் போய்விடும்.

பயன் எவ்வளவு? பெட்ரோல் யந்திரத்தில், எல்லாம் பொருந்தி வந்தாலும், ஹெடர் ஒன்றினால் மட்டும் பத்து வீதத்தை எட்டுவது அரிது. டர்போ இல்லாத டீசலில், உதாரணமாக ஹைலக்ஸில் வந்த 2.8 லீட்டர் 3எல் யந்திரத்தில், இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும் நேரம் குறைவாதலால் பயனும் குறைவு. டர்போ உள்ள வண்டிக்கோ அதன் கதையே வேறு. புகை முதலில் டர்போவைச் சுழற்றியாக வேண்டும். மெல்லிய நீண்ட குழாய்களில் அதன் சூட்டை இழப்பது நஷ்டமே. அங்கே பணம் செலவிட விரும்புவோர் டர்போவுக்குப் பின்னுள்ள குழாயைச் சற்று அகலமாக்கலாம்.

மலைக்காற்று மெலிந்தது என்பதும் மெய்யே. 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்திலிருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்களவு குறைவு. டர்போ இல்லாத யந்திரத்தின் சக்தியும் அவ்வாறே குறையும். எனினும் கரும்புகைக்கு மலையை மட்டும் குற்றஞ் சொல்லக்கூடாது. அடைபட்ட காற்று வடிகட்டி, தேய்ந்த நொசில், நசுங்கிய சைலன்சர் ஆகியவற்றை முதலிற் பார்க்க வேண்டும். மற்றொரு வேடிக்கையும் உண்டு. அழகுக்காகப் பத்து வீதம் பெரிய டயர்களை மாட்டிவிட்டு, இழுவை போதவில்லையென்று ஹெடர் தேடுவோர் உளர். அந்த டயர் பறித்த இழுவையை எந்தக் குழாயும் முழுமையாக மீட்டுத் தராது!

வாங்குவதென்று தீர்மானித்தோர் கவனிக்க வேண்டியது பொருத்தம். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் அச்சுக்குப் போகும் சுழல்தண்டும் இடமாற்றுக் கியர்ப்பெட்டியும் அடியிலே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இரு சக்கர இயக்க வண்டிக்கான குழாய் அதே யந்திரத்துக்கு உரியதாயினும் அங்கே இடிக்கும். அமெரிக்காவுக்கென்று செய்தவை இடப்பக்க ஸ்டியரிங்குக்கு அமைந்தவை. நம் வண்டியின் வலப்பக்க ஸ்டியரிங் தண்டில் அவை முட்டக்கூடும். நம்மைப்போல் வலப்பக்க ஸ்டியரிங் உள்ள அவுஸ்திரேலியாவுக்கென்று செய்தவற்றைத் தேடுவது புத்தி. குழாய்கள் ஒன்றுசேரும் மூட்டு அடிச்சட்டத்துக்குக் கீழே தொங்கலாகாது. தோட்டப் பாதையின் முதற் கல்லிலேயே அது நசுங்கும்.

உலோகத்தைப் பொறுத்தவரை, சாதாரண உருக்கு மலிவு. ஆனால் நக்கிள்ஸ் சாரலில் விரைவிலே துருவேறும். துருப்பிடியா உருக்கில் 304 என்னும் வகை நெடுநாள் உழைக்கும். ஆனால் வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும் இயல்பினது. ஆகவே சிலிண்டர் தலையோடு பொருந்தும் தட்டு 8 அல்லது 10 மில்லிமீட்டர் தடிப்புடையதாயிருத்தல் வேண்டும். மெல்லிய தட்டு வளைந்து கசியும். குழாயின் மேல் சுற்றும் வெப்பத்துணி சூட்டை அடக்கினாலும் ஈரத்தையும் அடக்கும். மழைநாட்டிலே அது துருவுக்கு விருந்து. பீங்கான் பூச்சே மேல்.

கசிவு என்பது வெறும் சத்தத்தோடு முடியும் காரியமன்று. காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; உறங்கும் குழந்தை உறக்கத்திலேயே மயங்கிவிடும். டீசலைவிடப் பெட்ரோல் யந்திரத்தில் அபாயம் அதிகம். பின்புறம் தார்ப்பாய்க் கூடாரமிட்டு ஆட்களை ஏற்றும் வண்டிகளில் மேலும் எச்சரிக்கை வேண்டும். ஓடும் வண்டியின் பின்னால் அழுத்தம் குறைவதால், வெளியேறிய புகையே கூடாரத்தினுள் திரும்பி வரும். ஆதலின் வால்குழாயை உடலின் பக்கவாட்டுக்கு அப்பால் முடியுமாறு நீட்டிவிடுதல் அவசியம்.

சைலன்சரைக் கழற்றிவிட்டால் சக்தி கூடுமென்ற நம்பிக்கை இளைஞரிடையே உண்டு. கூடுவது பெரும்பாலும் முழக்கமே. வருடாந்தப் புகைப் பரிசோதனையும் இருக்கிறது. சத்தமிடும் குழாய்களுக்கெதிராக 2025இன் நடுப்பகுதியில் பொலிஸார் தீவிர நடவடிக்கையில் இறங்கியதும் வாசகர் அறிந்ததே. ஒக்சிஜன் உணரி பொருத்தப்பட்ட பெட்ரோல் வண்டியாயின், அதற்குரிய துளை ஹெடரில் உண்டா என்று பார்த்தே வாங்கவேண்டும்.

பூட்டுகையில் பழைய கஸ்கெட்டை மீண்டும் உபயோகிக்க விடாதீர்கள். புதுக்குழாய் சூடேறி ஆறும்போது ஆணிகள் தளரும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், யந்திரம் நன்றாக ஆறிய பின், நடு ஆணியிலிருந்து தொடங்கி இரு பக்கமுமாக அவற்றை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். கழற்றிய வார்ப்பிரும்பு மெனிபோல்டைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாமல், எண்ணெய் தடவி வீட்டு மூலையில் வைத்திருங்கள்.